புல்லுக்கு அடைத்த ஆட்டுப்பட்டி

நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டு நாங்கள் இருவரும் வேலணைக்குத் திரும்பியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. நெற்றியில் சந்தனம் காய்ந்து தோலை இழுத்தது. என் கையில் பனையோலைப் பெட்டிக்குள் பிரசாதம். இவருடைய சட்டையில் வள்ளத்தில் தெறித்த உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் பூத்திருந்தது. வீட்டுப் படலையடியில் அப்பு நின்றார்.

இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இந்த வயதில் இனிப் பழகவும் போவதில்லை. அப்பு என்றால் என் தகப்பனார். தோட்டக்காரன். பகலில் அவர் இடுப்பில் இருப்பது மண் பிடித்த சாரம்தான். வெள்ளை வேட்டி திருவிழாவுக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும்.

அன்று அப்பு குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி நின்றார். முகத்தில் சிரிப்பு வேறு. கலியாணம் முடிந்து இரண்டு வருடமாகிறது, இவரைப் பார்த்து அப்பு சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"வாங்கோ தம்பி. கால் கழுவ முதல் ஒருக்காப் பின்னுக்கு வந்து பாருங்கோ."

பின்வளவுக்குப் போக முதலே செம்மறியின் மணம் வந்தது. இவர் ஒரு வருடத்துக்கு மேலாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்த புல்தரையைச் சுற்றி, நான்கு பக்கமும் பனைமட்டைத் தட்டிகள். தட்டிகளுக்குள் தரை முழுக்க ஆட்டுப் புழுக்கை. மேசைவிரிப்புப் போலக் கிடந்த புல் கடிபட்டு, குளம்பு பட்டுக் குழி குழியாகக் கிடந்தது. ஆடுகள் காலையிலேயே போய்விட்டன.

"நல்ல பட்டி தம்பி. ரெண்டு இரவும் இதுக்குள்ளைதான் அடைச்சது. இனிப் பாருங்கோ, உங்கடை புல்லு எப்பிடி எழும்புமெண்டு."

இவர் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே திரும்பவும் துடைத்தார். அந்தப் புல்தரையைப் பரிசோதிக்க அந்த வாரமே ஆள் வரவிருந்தது.

புல்லுக்கும் ஒரு படிப்போ?

போன வாரம் நான் இங்கே எழுதிய என் கலியாணக் கதையை வாசித்த ஒரு தங்கச்சி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பந்தல் சோடனை தொடக்கம் பலகாரம் வரைக்கும் எழுதினியள். அண்ணைக்கு என்ன வேலையெண்டு மட்டும் எழுதேல்லை!"

வேண்டுமென்றுதான் விட்டேன். அது ஒரு வரியில் முடிகிற சங்கதி இல்லை. "கோல்ஃப் மைதானத்தை நிர்வகிக்கப் படித்தவர்" என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள்.

இவருடைய ஆட்கள் புங்குடுதீவு மடத்துவெளி. தகப்பனுக்கு மலைநாட்டில் ஒரு பட்டினத்தில் கடை. தமையன்மார் கடையில் நின்றார்கள். இவருக்குக் கல்லாப்பெட்டியடியில் இருக்கப் பிடிக்கவில்லை. பக்கத்திலிருந்த கோல்ஃப் கிளப்பில் கணக்கெழுதப் போனார். போனவர் கந்தோர்க் கதிரையில் இருந்ததைவிட வெளியே புல்லுக்குள் நின்றதுதான் கூட.

கிளப்பின் செயலாளர் ஒரு சிங்களப் பெரியவர். இந்தப் புல்லுப் பைத்தியத்தைக் கவனித்து, இங்கிலாந்திலிருந்து தபால் மூலம் நடத்தும் ஒரு படிப்பில் இவரைச் சேர்த்துவிட்டார். மண், தண்ணீர், புல்லுக்கு வரும் நோய், வேலையாட்களை மேய்ப்பது, வரவு செலவு, எல்லாம் அதற்குள் அடக்கம். வைத்தியத்துக்குப் படிப்பதுபோல் இவர் இருந்து படித்தார்.

எழுத்துப் பரீட்சை எல்லாம் முடிந்தது. கடைசியாக ஒரு செயல்முறை மட்டும் மிச்சம். சொந்தமாக ஒரு கிறீன் அமைத்து, ஒரு வருடம் பராமரித்துக் காட்ட வேண்டும். கிறீன் என்பது பந்து போய்க் குழிக்குள் விழுகிற கடைசித் துண்டு நிலம். அங்கே புல் விரற்கடைக்கும் குறைவாக இருக்க வேண்டும். பந்தை மெல்லத் தட்டினால் தடைப்படாமல் உருள வேண்டும்.

அதைத் தொடங்க முதல் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. கடை எரிந்தது. அந்தச் செயலாளர்தான் தன் வீட்டில் இவரை மறைத்து வைத்திருந்து, பிறகு அகதி முகாமில் கொண்டுபோய் விட்டவர். கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கும்போது இவர் கையில் ஒரு சூட்கேஸ். அதற்குள் பாடப் புத்தகங்களும், புல்தரையில் வட்டமாகக் குழி வெட்டுகிற இரும்புக் குழாய் ஒன்றும். மாற்றிக் கட்ட ஒரு சாரம்கூட இல்லை.

கலியாணம் முடிந்து அந்தச் சூட்கேஸ் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பொன்னம்மா மாமி குழாயைத் தூக்கிப் பார்த்தார். மாமி அப்புவின் தங்கை. வாய் கொஞ்சம் நீளம்.

"மாப்பிள்ளை குழாய்க் கிணறு அடிக்கிற ஆளோ?" என்றார்.

சீதனக் காணியில் அறுகு

எங்கள் பக்கத்தில் காணி பெண்ணோடு போகும். வீட்டோடு ஒட்டிய பின்வளவு என் சீதனம். அப்பு அதில் வெங்காயமும் மிளகாயும் வைப்பார். நல்ல தண்ணீர்க் கிணறும் அதற்குள்தான் இருந்தது. தீவுப்பகுதியில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் என்ன என்று அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அயல் முழுக்கக் குடத்தோடு எங்கள் படலையால்தான் வரும்.

ஒரு நாள் பின்னேரம் இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சை பாரும், உம்மடை காணியிலை ஒரு துண்டு எனக்குத் தருவீரோ?"

"என்ன நடப்போறியள்?"

"புல்லு."

"என்ன புல்லு?"

"அறுகு."

நான் சிரித்துவிட்டேன். தோட்டக்காரன் மகளிடம் வந்து அறுகு நட இடம் கேட்பது, மீன்காரியிடம் போய்ப் பூனை வளர்க்க இடம் கேட்பது மாதிரி. அப்புவின் முதுகு வளைந்ததே வெங்காயப் பாத்திக்குள் அறுகு தோண்டித்தான். ஒரு முடிச்சு மண்ணுக்குள் மிஞ்சினால் போதும், அடுத்த மழைக்குப் பாத்தியை மூடிவிடும். பிள்ளையாருக்கு ஒரு பிடி வைப்பதற்கு மேல் அறுகுக்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது.

இவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். வெப்பமான நாடுகளில் கிறீன் போடுவது இதே அறுகின் இனத்தால்தானாம். நுணுக்கமாக வெட்டி வெட்டி வளர்த்தால் பாய் விரித்தது போலப் படருமாம். படத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் இரண்டு பேர் அதன்மேல் நின்றார்கள்.

படத்தைக் கண்டு மயங்கினேன் என்று சொன்னால் பொய். இவர் கேட்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. கலியாணம் முடிந்த மறுநாளே பெண்சாதியின் காணிக்குள் மண்வெட்டியோடு இறங்குகிற ஆம்பிளைகளைத்தான் நான் கண்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற ஆளை அன்றுதான் கண்டேன். ஓம் என்றேன்.

அப்புவுக்குச் சொல்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "உன்ரை காணி. நீ ஓமெண்டா நான் ஆர் மறிக்க? ஆனா ஊரெல்லாம் புல்லுப் புடுங்குது, என்ரை மருமோன் புல்லு நடுறார்."

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அப்பு இவரோடு நேரே கதைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே விறாந்தையில் இருப்பார்கள். "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். நானும் தபாற்காரி வேலை பார்த்தேன்.

ஹெலிக்குப் பயந்து கழற்றிய கொடி

அறுகு நட்ட செய்தி பரவ, இவருக்குப் புல்லர் என்று பட்டம் வைத்தார்கள். அதையாவது தாங்கலாம். தண்ணீர்ப் பிரச்சினைதான் பெரிதாக வந்தது.

நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து புல்லுக்கு இறைத்தால் யார் பொறுப்பார்கள்? மாமி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சத்தம் போட்டார். "சனம் குடிக்கத் தண்ணியில்லை, இவர் புல்லுக்கு வாக்கிறார்!" சொன்னதில் நியாயம் இருந்தது. இவர் அன்றே வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

வளவின் மற்ற மூலையில் ஒரு உவர்க் கிணறு கிடந்தது. மாடு கழுவத்தான் உதவும். அறுகு உப்பைத் தாங்கும் என்று புத்தகத்தில் இருந்ததை நம்பி, இவர் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கினார். முதலில் நுனி கருகியது. பிறகு அறுகு தன் குணத்தைக் காட்டியது. எங்களுக்குத் தோட்டத்தில் பகையாக இருந்த அதே பிடிவாதம் இவருக்குத் துணையாக வந்தது.

ஊர்காவற்றுறையில் ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் வீட்டு விறாந்தையில், கையால் தள்ளிப் புல் வெட்டுகிற பழைய மெசின் ஒன்று துருவேறிக் கிடந்தது. அதை இரவல் வாங்கிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். தார்ப்பீப்பாவுக்குள் கொங்கிறீட் நிரப்பி ரோலர் செய்தார். புல் படர்ந்தது. அதன் நடுவில் குழாயால் ஒரு குழி வெட்டி, சிவப்புக் கொடி ஒன்றையும் நட்டுவிட்டார்.

அயலட்டை திரண்டு வந்தது. "தம்பி, வட்டமாப் புல்லு, நடுவிலை கொடி. மேலையிருந்து பாத்தா ஹெலி இறங்கிற இடமெண்டெல்லோ நினைப்பாங்கள்!"

அந்த நாட்களில் ஆமியின் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் நாங்கள் சோற்றுக் கோப்பையோடு பங்கருக்கு ஓடுகிற ஆட்கள். இவர் மறுபேச்சில்லாமல் கொடியைப் பிடுங்கிவிட்டு ஈர்க்கு ஒன்றைக் குத்தினார். ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியள் இரண்டு பேரும் விசாரிக்க வந்தார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதிலை கிரிக்கெட் விளையாடேலாதோ?" என்று கேட்டார்கள். ஏலாது என்றதும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மாமி ஒரு நாள் சதுர்த்திக்கு அறுகு பறிக்க வந்தார். புல் அவ்வளவு கட்டை. விரலுக்குள் பிடிபடவில்லை. "பிள்ளையாருக்கும் உதவாத அறுகடி இது" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரத்தில் பிடுங்கிக்கொண்டு போனார்.

அப்பு மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் தோட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் விடியற்காலை குசினி யன்னலால் பார்க்கிறேன், கிறீன் ஓரத்தில் குந்தியிருக்கிறார். அறுகுக்குள் முளைத்த கோரையை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து மடிக்குள் போடுகிறார். அறுகைக் காப்பாற்றக் கோரை பிடுங்குகிறார் என் அப்பு! நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணும் கலங்கியது.

மலேசியா அல்லது வெங்காயம்

மலைநாட்டுச் செயலாளர் இவரை மறக்கவில்லை. மலேசியாவில் அவருக்குத் தெரிந்த ஒரு கிளப்பில் உதவி முகாமையாளர் இடம் இருந்தது. வீடும் தருவார்கள், குடும்பமாக வரலாம். சான்றிதழ் மட்டும் கையில் இருக்க வேண்டும். "வந்தால் மலேசியா, வராவிட்டால் வெங்காயம்" என்று நான் பகிடி விடுவேன். உள்ளுக்குள் பகிடி இல்லை. ஒவ்வொரு மாதமும் பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்த காலம். போகக் கிடைத்தவர்கள் எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

அம்மா செத்துப் பல வருடம். அண்ணன் ஜேர்மனியில். நாங்களும் போனால் அந்த வீட்டில் அப்பு தனிய. இதைப் பற்றி அப்பு வாய் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. மூன்று பேரும் ஒரு முழு வருடம் புல்லைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

அந்த ஆனி மாதம் வெயில் கொளுத்தியது. கிறீன் மஞ்சளடித்தது. யூரியா வாங்கக் கடை கடையாக அலைந்தும் கிடைக்கவில்லை. "பசளை காணாது. இப்பிடியே போனால் பரிசோதிக்க வாற நேரம் வைக்கோல்தான் இருக்கும்" என்று இவர் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து என்னிடம் சொன்னார். அப்பு கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மனிடம் நேர்த்தி வைத்திருந்தோம். ஒரு நாளில் போய் வரலாம் என்றிருந்தோம். அப்புதான் விடவில்லை. "ரெண்டு நாள் மடத்திலை தங்கி வடிவாக் கும்பிட்டிட்டு வாங்கோ. நான் இஞ்சை பாத்துக்கொள்ளுறன்" என்றார். இவரைப் பார்த்து நேரே சொன்னார்.

நாங்கள் குறிகட்டுவானில் வள்ளம் ஏறிய அதே பகலில், அப்பு நாரந்தனைக்கு நடந்து போய்ச் செம்மறிப் பட்டியைக் கேட்டிருக்கிறார்.

பட்டியின் பெறுமதி

தோட்டம் செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். பயிருக்கு முன் நிலத்தில் ஆட்டையோ மாட்டையோ இரவில் அடைத்து வைப்பது எங்கள் வழக்கம். புழுக்கையும் மூத்திரமும் நிலத்தில் இறங்கும். அடுத்த இரவு தட்டியை நகர்த்துவார்கள். பட்டிக்காரனை முன்கூட்டியே பிடிக்க வேண்டும், அவன் காலில் விழாத குறைதான். அப்பு புகையிலை வைத்த காலத்தில் அதற்கு மட்டும் பட்டி அடைப்பார். வெங்காயத்துக்குக்கூட அடைத்ததில்லை.

அந்தப் பட்டியை அவர் புல்லுக்கு அடைத்தார். தோட்டக்காரன் ஒருவன் மருமகனுக்குக் கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய மரியாதை அது. வெறும் நிலத்துக்கு அடைப்பதை நிற்கிற புல்லுக்கு மேல் அடைத்துவிட்டார். புல்தானே, ஆடு மேய்ந்தால் இன்னும் நன்றாக முளைக்கும் என்பது அவர் கணக்கு.

எனக்கு அடக்க முடியாத கோபம். ஆட்டில் கோபம், அப்புவில் கோபம், ஒன்றும் பேசாமல் நிற்கிற இவரில் அதைவிடக் கோபம். கிணற்றடிக்குப் போனால் வேலிக்கு மேலால் மாமியின் தலை தெரிந்தது.

"மகளை அனுப்ப மனமில்லாத மனுசனடி. ரெண்டு நாள் தங்கச் சொல்லி அனுப்பிப்போட்டு, ஆட்டை விட்டு அலுவலை முடிச்சுப்போட்டார்."

மெல்லச் சொல்கிற பழக்கம் மாமிக்கு இல்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பு எனக்குப் பின்னால் நின்றார். உள்ளே போய் வெள்ளை வேட்டியை அவிழ்த்துவிட்டுப் பழைய சாரத்தைக் கட்டினார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

இவர் தட்டிக்குள் இறங்கிப் புழுக்கை பொறுக்கத் தொடங்கியிருந்தார்.

"மாமா நல்லதுக்குத்தானே செய்தவர்" என்றார்.

"நல்லதுக்குச் செய்தாலும் போனது போனதுதானே!" என்று நான் சீறினேன். சீறிக்கொண்டே கடகத்தை எடுத்து வந்து பக்கத்தில் குந்தினேன்.

புழுக்கையைக் கூட்டி அள்ளலாம். மூத்திரம் பட்ட இடத்தை உடனே நல்ல தண்ணீரால் கழுவி இறக்காவிட்டால் புல் வேரோடு கருகிவிடும் என்றார் இவர். உவர்த் தண்ணீர் அதற்கு உதவாது. நல்ல கிணற்றைத் தொட இவருக்குப் பயம். நான் போய் வேலியடியில் நின்று கேட்டேன். ஒரு பத்து நிமிடத்தில் குடமும் வாளியுமாக அயல் வந்து இறங்கியது. முன்னுக்கு நின்றது மாமிதான்.

"நான் சொன்னது சொன்னதுதான். அதுக்காகத் தண்ணி அள்ளமாட்டன் எண்டனானோ?" என்று கேட்டுக்கொண்டே துலாக்கயிற்றைப் பிடித்தார்.

பிறகு குளம்புக் குழிகள். குசினியில் இருந்த முள்ளுக்கரண்டிகளையும் தேங்காய்த் துருவலையின் பழைய அலகையும் கொண்டு ஒவ்வொரு குழியாக அடியிலிருந்து நெம்பித் தூக்கினோம். கழுவின மணலைத் தூவினோம். என் முழங்காலில் தோல் உரிந்தது. அப்பு தோட்டத்துப் பக்கம் நின்று பார்ப்பார், நான் தலை நிமிர்ந்தால் வேறு பக்கம் பார்ப்பார்.

ரோலர் இழுக்கிற கட்டம் வந்தது. வழக்கமாக இவர் தனியத்தான் இழுப்பவர். அன்று நேரே அப்புவிடம் போனார்.

"மாமா, தனிய இழுக்க என்னாலை ஏலாமல் கிடக்கு. ஒருக்காக் கை குடுப்பியளோ?"

அப்பு மண்வெட்டியை மரத்தில் சாத்திவிட்டு வந்தார். இரண்டு பேரும் இரண்டு மாடு மாதிரிக் குனிந்து இழுத்தார்கள்.

பென்சனியர் வந்தார்

பரிசோதகர் என்று வந்தவர் நாரந்தனைப் பென்சனியர் அருளம்பலம். மலாயாவில் ஒரு கோல்ஃப் கிளப்புக்குக் கணக்காளராக இருந்து, தானும் விளையாடிப் பழகி, பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். விளையாட்டுத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால் போதும் என்று இங்கிலாந்தில் சொல்லிவிட்டார்கள். தீவுப்பகுதியில் அப்படி வேறு ஆள் இல்லை.

வாடகைக் காரில் வந்து இறங்கினார். வெள்ளைக் காற்சட்டை, தொப்பி, கையில் கோல்ஃப் மட்டை. ஊரில் அவர் அதை நாய் கலைக்கத்தான் வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. கிறீன் ஓரத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். நாலடி வைத்ததும் நின்றார்.

"இதென்ன?"

"ஆட்டுக்கால், ஐயா" என்றார் இவர்.

"ஆடு எப்பிடி உள்ளை வந்தது?"

எங்கிருந்தோ வந்த கட்டாக்காலி ஆடு என்று இவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாமனார் செய்த வேலை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்ல மனம் வராமல் நின்றார்.

அப்பு முன்னால் வந்தார்.

"நான்தான் ஐயா அடைச்சனான். பயிர் வாடுதெண்டு பட்டி அடைச்சனான். பிழையெண்டா என்ரை பிழை. தம்பியின்ரை பயிரிலை ஒரு பிழையுமில்லை."

பென்சனியர் அப்புவை மேலும் கீழும் பார்த்தார். "கோல்ஃப் கிறீனுக்குப் பட்டி அடைச்ச முதல் ஆள் நீராத்தான் இருக்கவேணும்" என்றார். சிரிக்கவில்லை. பந்தை வைத்து மெல்லத் தட்டினார். பந்து ஒழுங்காகத்தான் போனது, பாதி வழியில் ஒரு குளம்படியில் துள்ளி வேறு பக்கம் திரும்பியது. வேறொரு பக்கத்திலிருந்து தட்டினார். அதுவும் அப்படியே.

பிறகு கதிரையில் இருந்து இவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டார். பட்டி போன பிறகு என்ன செய்தீர், ஏன் நல்ல தண்ணீர், ஏன் மணல், இனி எத்தனை நாளுக்கு வெட்டாமல் விடுவீர்? இவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"எப்ப சரிவரும்?"

"மாரி பிறக்க முதல், ஐயா."

"அப்ப நான் அந்த நேரம் வாறன். இண்டைக்குக் கையெழுத்து வைக்கேலாது. வைச்சா அது பொய்க் கையெழுத்து."

கார் போன பிறகு விறாந்தையில் மூன்று பேரும் இருந்தோம். மலேசியாக்காரர் மாரி வரை பொறுப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. ஆறின தேத்தண்ணீரை அப்பு எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

பொறுத்தார்கள். பெருந்தன்மை என்று அப்போது நினைத்தோம். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அங்கே போன பிறகுதான் அறிந்தேன். அதற்கிடையில் பட்டியின் சத்து மண்ணில் பிடித்து, புல் பேய் வளர்த்தி வளர்ந்தது. வெட்டி வெட்டி இவருக்குக் கை காய்த்தது. புரட்டாதியில் பென்சனியர் திரும்பி வந்து தட்டிய பந்து, ஈர்க்கடியில் போய்க் குழிக்குள் விழுந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். இருபது வருடத்துக்குப் பிறகு தான் கேட்கிற சத்தம் என்று சொல்லி, இன்னும் நாலைந்து தரம் தட்டிவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

பாத்திக்குள்

தை மாதம் நாங்கள் வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு அப்புவோடு ஆறுதலாக இருந்து கதைக்க எனக்குக் கிடைத்தது மிகக் கொஞ்சம். அதனால்தானோ என்னவோ, போவதற்கு முதல்நாள் பகல் இன்னும் அப்படியே நிற்கிறது.

அப்பு வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். நான் போய் வரம்பில் இருந்து வெங்காயத்தைப் பிரித்துக் கொடுத்தேன். ஈர மண்ணின் மணமும் வெங்காயச் சருகின் மணமும் கலந்து வந்தது. அத்தனை மாதமாகத் தொண்டைக்குள் கிடந்ததை அன்று கேட்காவிட்டால் இனிக் கேட்க முடியாது என்று தெரிந்தது.

"அப்பு, ஒண்டு கேட்டாக் கோவிக்கக்கூடாது."

"கேளன்."

"மாமி அண்டைக்குக் கிணத்தடியிலை சொன்னது... நாங்கள் போகக்கூடாதெண்டு நினைச்சனியளோ?"

அப்புவின் கை நிற்கவில்லை. ஒரு வெங்காயம் ஊன்றினார், பக்கத்தில் இன்னொன்று ஊன்றினார்.

"ஓம், நினைச்சனான். ஒவ்வொரு நாளும் நினைச்சனான். இப்பவும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு நடுறன்."

அப்பு நிமிர்ந்து, மண் பிடித்த கையை நீட்டி என்னிடம் அடுத்த வெங்காயத்தைக் கேட்டார்.

"அதுக்காக ஆரும் பயிரை அழிப்பினமோ, பிள்ளை?"